கை முறிந்த ஆறு வாரம்

முடி வெட்டும் தொழிலில் வாடிக்கையாளர் நம் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார், அதிலேயே நம் யோக்கியதை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒற்றை ஆளாகக் கடை நடத்தும் சக பாவிகளே, முதலாளிக்கு அடிபட்டால் கடைக்கும் அடிபட்ட மாதிரிதான். போன வருட மழையில், ஜார்ஜ் டவுனில் என் கடை வாசலிலேயே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. நாலு கடை தள்ளி அப்போதுதான் குளுகுளுவென்று பெரிய ஏர்கோன் சலூன் ஒன்று திறந்திருந்தார்கள். என் ஆட்களெல்லாம் அங்கே போனால் திரும்பி வருவார்களா? வலியைவிட அந்தப் பயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அறிவிப்பு

'கை முறிந்ததால் கடை ஆறு வாரம் மூடியிருக்கும்' என்று இடது கையால் கிறுக்கிக் கதவில் ஒட்டினேன். பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் கையில் கரண்டியோடு வந்து படித்தார். படித்த கையோடு கிழித்தும் போட்டார்.

"மூடுறத ஏன் தம்பி எழுதுற? ஆறு வாரத்துல திறக்குது, காத்திருங்கன்னு எழுதுலா!"

தொப்பி

மூன்றாவது வாரம் அந்த நாசி கண்டார் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாயான் பாரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் என் பழைய வாடிக்கையாளர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார். கொதிக்கிற வெயில். வியர்வை ஆறாக ஓடியும் தொப்பியைக் கழற்றுவதாக இல்லை. கடைசியில் நெற்றியைத் துடைக்கத் தூக்கியபோது பார்த்தேன், பின்னந்தலையில் புத்தம் புது முடிவெட்டு. எனக்குச் சுருக்கென்றது. மறைக்க நினைத்தாரே என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"ஆபீஸ்ல பெரிய ஆளுங்க வந்தாங்கண்ணே, வேற வழியில்ல. வெட்டி முடிக்கிற வரைக்கும் அந்த ஏர்கோன் கடைக்காரங்கிட்ட ஒரு வார்த்தை பேசலண்ணே, சத்தியமா!"

ஜுருவிலிருந்து ஒரு போன்

ஜுருவில் கார் விற்கும் என் வாடிக்கையாளர் ஒருவர், வேறு யாரையும் தலையில் கைவைக்க விடமாட்டேன் என்று இருந்துவிட்டார். ஐந்தாவது வாரம் அவர் மனைவி போனில் கூப்பிட்டார். கை எப்படி இருக்கிறது, எப்போது கட்டுப் பிரிப்பார்கள் என்று அக்கறையாக விசாரித்தார். நானும் நெகிழ்ந்துபோய்ப் பதில் சொன்னேன்.

"உங்க கைக்காக முருகனுக்குப் பால்குடம் வேண்டியிருக்கேண்ணே. உங்க மேல பாசம்னு நினைக்காதீங்க, இவரு தலைய இனிமே என்னால பார்க்க முடியலலா!"

முதல் தலை

கட்டுப் பிரித்து, கடை திறந்த அன்று முதலில் வந்து உட்கார்ந்தது அந்த ஜுருக்காரர்தான். ஆறு வாரம் சும்மா கிடந்த விரல்களுக்குக் கத்திரிக்கோல் அடங்கவில்லை. இடப்பக்கம் ஏறிவிட்டது. சமப்படுத்தப் போய் வலப்பக்கம் அதைவிட ஏறிவிட்டது. இருபது வருடத்தில் இப்படி ஒரு தலையை நான் வெட்டியதே இல்லை. இதோடு கடையை மூடிவிடலாம் என்றே தோன்றியது. மன்னிப்புக் கேட்டு, அந்த ஏர்கோன் கடைக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளச் சொன்னேன். அவர் கண்ணாடியில் தன் தலையை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார்.

"அங்க போனா சரியாக்கிடுவாங்கண்ணே. அப்புறம் உங்க கை எந்தத் தலையில பழகும்? அடுத்த வாரமும் வர்றேன்லா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது; அவர் கழுத்தில் இல்லாத முடியையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது கை நன்றாகத் தேறிவிட்டது என்றாலும், கடை திறந்த அந்த முதல் மாதம் எங்கள் தெருவில் கோணல் தலையோடு யார் நடந்தாலும் அவர் என் வாடிக்கையாளர்தான் என்று ஊருக்கே தெரிந்திருந்தது.