புளி போட்டு மினுக்கிய ரோமக் காசு

அத்தானுக்குச் சுத்தம் என்றால் உயிர். பிரான்சிலிருந்து அக்காவோடு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இராது. போன வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மேசையில் இருந்த பழைய ரோமக் காசையும் எடுத்து மினுக்கிவிட்டார். வேலையால் வந்து பார்த்த எனக்கு விசர் பிடித்தது.

"ஊத்தையாக் கிடந்துது, தங்கச்சி. இப்ப பாருங்கோ, பளபளவெண்டு இருக்கு!"

ஊத்தையாம்! அந்தப் பச்சைக் களிம்பில்தான் எழுத்தே நின்றது. அது ரோமில் அடித்த காசல்ல. ரோமின் ஆட்சிக்குக் கீழே, கிழக்கே எங்கேயோ இருந்த ஒரு சிற்றூர் தனக்கென்று அடித்துக்கொண்டது. முன்பக்கம் பேரரசரின் தலை. அதைப் போடாமல் அவர்களால் காலந்தள்ள முடியாது. பின்பக்கம் ஊராருடையது. தங்கள் கோயில், சுற்றிவரக் கிரேக்க எழுத்தில் தங்கள் ஊர்ப்பெயர். வெயிலில் சரித்துப் பிடித்து அதில் இரண்டு எழுத்து மட்டும் படித்திருந்தேன். அந்த இரண்டெழுத்தில் எத்தனையோ ஊர்கள் தொடங்கும். போனில் எடுத்த படத்தில் அதுவும் விழவில்லை. மிச்சத்தைப் படித்துத் தருகிறேன் என்று பழங்காசு தெரிந்த ஒருவர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

இனி எதைக் கொண்டுபோவது? புடைப்பாக இருந்த பேரரசர் தப்பிவிட்டார், மூக்கும் முழியுமாகப் பளிச்சென்று இருக்கிறார். பின்பக்கம் வழித்துத் துடைத்தாயிற்று. கோயிலும் இல்லை, பெயரும் இல்லை. அழிவதென்றால் அந்தத் தலையல்லவா அழிந்திருக்க வேண்டும்! கோதாரி பிடித்த புளி!

"ராசாவின்ர முகம் வடிவாத் தெரியுதுதானே," என்றார் அத்தான். "பின்பக்கத்தை ஆர் பாக்கப் போயினம்?"

"நான் பாக்கிறன்! அந்தச் சனம் தங்கட பேரை எழுதினது அங்கதான், அத்தான்!"

அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு செப்புக் காசுக்கு இந்தக் கத்தலோ?"

ஓம், கத்தினேன். இன்றைக்கும் கத்துவேன்.

இரவுச் சாப்பாட்டின்போது நான் அவரோடு பேசவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. லண்டனில் எந்தத் தமிழரைக் கண்டாலும் பெயருக்கு முன் ஊரைக் கேட்கிற மனிதர் அவர். யாழ்ப்பாணம் என்று சொன்னால் விடமாட்டார். எவடம், எந்தக் கோயிலடி என்று வீட்டுப் படலை வரை போய்த்தான் ஓய்வார். அதே அக்கறையோடு காசை உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"சரி தங்கச்சி, கோவிக்காதையுங்கோ. இது எவடத்துக் காசு?"

"அதைத்தான் அத்தான், நீங்கள் மினுக்கிப் போட்டியள்."