தம்பியைப் பற்றி நான் எழுதிய ஐந்து வரிகள்

எங்கள் ஸ்டுடியோ ஏன் மூடியது என்று கேட்பவர்களிடம் பல வருடம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொல்கத்தாவில் வீடியோ கேம் செய்ய ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பெங்களூருக்கு ஓடிவிடுகிறார்கள் என்று. கேட்டவர்களும் "அட பாவமே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மை அதுவல்ல. ஐந்து வரி எழுதினேன், தம்பியைத் தொலைத்தேன். அவன் போன பிறகு அங்கே மூடுவதற்கு என்ன இருந்தது?

நாங்கள் இரண்டு பேர். நான் மூத்தவள், நிரல் எழுதுபவள். அவன் என்னைவிட நான்கு வயது இளையவன், படம் வரைபவன். அப்பா கிடர்பூரில் துறைமுக அலுவலகத்தில் இருந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பது அம்மா பேசினால்தான் தெரியும். நாங்கள் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜாதவ்பூர். எங்களுக்குள் சண்டை பெங்காலியில் நடக்கும், சமாதானம் தமிழில் நடக்கும். திட்டுவதற்கு பெங்காலி வாகாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்பா போன பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டோம். டாலிகஞ்சில், சினிமாவுக்கு செட் போடும் தச்சர்களின் கொட்டகைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. பகலெல்லாம் கீழே சுத்தியல் சத்தம். எங்கள் விளையாட்டு ஒரு கைவண்டிக்காரரைப் பற்றியது. மழை பெய்து முட்டியளவு தண்ணீர் நிற்கும் கிடர்பூர் தெருக்களில் சரக்கு வண்டியை இழுத்துப் போக வேண்டும். தண்ணீருக்கு அடியில் எங்கே குழி என்று தெரியாது. முன்னால் நடப்பவர்கள் எங்கே தயங்கிக் கால் வைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். இந்த யோசனை அவனுடையது. ஒரு மழைக்காலம் முழுக்க கிடர்பூர் பஸ் நிறுத்தத்தில் நின்று, ஜனங்கள் நடப்பதை நோட்டில் வரைந்து வரைந்து கண்டுபிடித்தான். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, "போதும்டா, காலெல்லாம் ஊறிப்போச்சு" என்று புலம்பிக்கொண்டிருப்பேன்.

ஒவ்வொரு நிறத்துக்கும் சண்டை போடுவான். தண்ணீரைக் கொஞ்சம் நீலமாக வை, பார்க்க நன்றாக இருக்கும் என்பேன். "தூர்!" என்று பெங்காலியில் சலித்துக்கொள்வான். "நம்ம ஊர்ல எந்தத் தெருத் தண்ணி நீலமா இருக்கு? நீ கண்ணாடிய மாத்து" என்பான். கடைசியில் சாணி நிறத் தண்ணீர்தான் விளையாட்டில் போனது. அதைத்தான் உலகமே மெச்சியது. எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரர் விளையாடி வீடியோ போட்டார், அதிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. மூன்று பேரை வேலைக்கு எடுத்தோம். அவர்கள் என்னை தீதி, அதாவது அக்கா, என்றார்கள். அம்மா பக்கத்து வீட்டு பெங்காலிக்கார மாஷிமாவிடம், "எம் பிள்ளைய ரெண்டும் விளையாடியே பிழைக்குதுவோ" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த விளையாட்டில் வண்டி இழுத்துச் சம்பாதித்ததை வைத்து ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு தெருவைக் கட்டிக்கொள்ளலாம். டீக்கடை, வண்டிப்பட்டறை, ஒண்டிக்கொள்ள ஒரு தகரக் கூரை. சிலர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டியிருந்தார்கள். அதெல்லாம் அவரவர் கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்திருக்கும். சேவ் என்போம். அது அழிந்தால் தெருவே அழிந்தது.

துர்கா பூஜை வந்தது. இந்த ஊரில் அந்த நாட்களில் யாரும் வேலை செய்வதில்லை. எங்களிடம் வேலை பார்த்த மூன்று பேரும் சஷ்டிக்கே காணாமல் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் நவமி என்றால் ஆயுத பூஜை. அப்பா காலத்திலிருந்து, அன்றைக்குத் தொழில் சாமானைத் தொடக்கூடாது. தசமி காலையில் மறு பூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். விளையாட்டுக்குப் பெரிய மேம்பாடு ஒன்று, ஒரு புது வெர்ஷன், பாக்கியிருந்தது. அரைகுறை வேலையை வைத்துக்கொண்டு கணினிக்குப் பொட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை. வேலையை முடித்து, துடைத்து வைத்த கையோடு சாமி கும்பிட வேண்டும். அப்படி ஒரு பிடிவாதம். அஷ்டமி மதியம் வெளியிடப் போனேன்.

"அக்கா, பழைய சேவ் வச்சு ஒரு தடவ ஓட்டிப் பாரு. அப்புறம் அனுப்பு" என்றான் தம்பி.

"நீ படத்த மட்டும் பாரு. நிரல் எனக்குத் தெரியும்" என்றேன்.

அனுப்பினேன். நவமி காலையில் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அலுவலகத்துக்குக் கூட்டி வந்து, கணினிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிட்டோம். என் கைபேசியும் ஆயுதம்தானே என்று அதையும் அணைத்து சாமி முன்னால் வைத்தேன். பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வடைக்கு மாவு அரைத்தேன்.

மதியம் தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான். நண்பர்களோடு பந்தல் பார்க்கப் போனவன். அவன் கைபேசி அவனிடம்தான் இருந்தது. "அக்கா, புது வெர்ஷன் பழைய சேவ அழிச்சிட்டு அது மேலயே எழுதுது. தொறக்கிறவங்களுக்கெல்லாம் தெரு போயிட்டிருக்கு. சாவியக் குடு, பாஸ்வேர்டச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம், அந்தப் புது வெர்ஷன எடுத்துட்டா போதும், இன்னும் தொறக்காதவங்க தப்பிச்சுப்பாங்க."

என் வாய் அடங்கவில்லை. "இன்னைக்கு மெஷினத் தொடக்கூடாது. நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்."

அம்மாவே சொன்னாள். "ஏட்டி, குடுத்துருட்டி. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"நீ சும்மா இரும்மா. ஒரு நாள்ல யாரும் செத்துட மாட்டாங்க."

இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்: பூஜை ஒரு சாக்கு. அந்த நேரத்தில் கணினியைத் திறந்தால் அவன் முந்தின நாள் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு இரண்டு தடவை, மூன்று தடவை கெஞ்சினான். நான் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்!

தசமி காலையில் மறு பூஜை முடிந்து கைபேசியைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உலகம் பூராவும் வசவு. ஒரு பெண் எழுதியிருந்தாள், பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாத நாட்களில் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு கட்டிய தெரு அது என்று. அந்த சமயத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் அடுத்த விளையாட்டை வெளியிடுவதாகப் பேசிக்கொண்டிருந்தது. நிரலுக்குப் பொறுப்பு யார் என்று முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தார்கள். நான்தான் என்று பதில் போட்டிருந்தேன்.

உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஐந்து வரி அறிக்கை எழுதி எங்கள் இணையப் பக்கத்தில் போட்டேன். ஓவியப் பிரிவில் இருந்த ஒருவர் சோதிக்காத கோப்புகளைத் தவறுதலாக ஏற்றிவிட்டார், அவர் மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறோம், வருந்துகிறோம். விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஓவியர் ஒரே ஒருவர்தான்.

ஏன் அவனை? வேலைக்கு இருந்த மூன்று பேரில் ஒருவர் தலையில் கட்டியிருக்கலாமே என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். கட்டியிருக்க மாட்டேன். ஊரான் பிள்ளை மேல் பழி போட மனசு வராது. பாவம், அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று தோன்றும். தம்பி மேல் போட ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நம்ம பிள்ளைதானே, தாங்கிக்கொள்வான். ரத்த சொந்தம் எங்கே போய்விடும் என்று ஒரு தெனாவட்டு.

சாயங்காலம் வந்தான். கைபேசியில் அந்த அறிக்கை திறந்திருந்தது. கத்துவான், பெங்காலியில் நாறடிப்பான் என்று நான் தயாராக இருந்தேன். அவன் தமிழில், மெதுவாகப் பேசினான்.

"அக்கா, இத எடுத்துடு."

"ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்கடா."

"நான் மறப்பேனா?"

அந்த வாரம் அவனுக்கு வந்த வசவுகளை நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை. தசமி கழிந்து ஐந்தாம் நாள் வரும் லட்சுமி பூஜைக்குள் ஹைதராபாத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். என்னிடம் "வரேன்க்கா" என்றான், அவ்வளவுதான்.

அவன் போன அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுன்னா நெனச்சிட்டிருக்க? உங்கப்பாவுக்கு வந்த ஆபீஸ் கடுதாசியெல்லாம் நாந்தான் படிச்சுச் சொல்லுவேன். நீ எழுதுனத அன்னைக்கே படிச்சேன். இதுக்கு நீ அவன ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்." அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது விளையாட்டுக்குப் படம் வரைய வந்த யாருக்கும் ஜனங்கள் எப்படி நடப்பார்கள் என்று தெரியவில்லை. எல்லாரையும் பொம்மை மாதிரி நடக்கவிட்டார்கள். ஒரு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு டாலிகஞ்ச் அறைகளைக் காலி செய்தேன். ஒரு வங்கிக்கு மென்பொருள் பார்க்கும் வேலைக்குப் போனேன். அவன் தீபாவளிக்கு அம்மாவிடம் பேசுவான். "அக்கா இருக்காளா, நல்லா இருக்காளா" என்று கேட்பானாம். கைபேசியை என்னிடம் கொடு என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

நான்கு வருடம் கழித்து அவன் வேலை பார்த்த நிறுவனம் ஹைதராபாத் அலுவலகத்தை மூடியது. வீட்டுக்கு வந்தான். தாடியெல்லாம் வைத்து, இளைத்து. எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. "சாப்டியா?" என்றுதான் கேட்க வந்தது. அதற்கு முந்தின வாரமே, அவன் வருகிறான் என்று தெரிந்ததும், எங்கள் பழைய பக்கத்தில் உண்மையை எழுதிப் போட்டிருந்தேன். தவறு என்னுடையது, என் தம்பி எச்சரித்தான், நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினான், நான் கேட்கவில்லை, பிறகு அவன் மேல் பழி போட்டேன் என்று. அந்த ஐந்து வரி உலகமெல்லாம் சுற்றியது. இதைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"பாத்தியா?" என்று அவனிடம் கேட்டேன்.

"பாத்தேன்க்கா. தேங்க்ஸ்."

தேங்க்ஸாம். அவன் வாயிலிருந்து எனக்கு அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை.

மறுபடியும் ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, சம்பளத்துக்கு வருகிறேன், பங்கு வேண்டாம் என்றான். வீட்டின் முன்னறையிலேயே இரண்டு மேசை போட்டோம். அதே கைவண்டிக்காரரை எடுத்து, கிடர்பூரோடு நிற்காமல் ஊர் முழுக்கப் போகிற மாதிரி புதிதாகச் செய்தோம். அவன் கை கொஞ்சமும் மங்கவில்லை. முன்பைவிட நன்றாக வரைகிறான். நான் வேண்டுமென்றே ஒரு நாள், "தண்ணிய நீலமா வைக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "சரிக்கா. எந்த நீலம்னு சொல்லு" என்றான். கலர் பட்டியலை என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு பேனாவோடு காத்திருந்தான். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு வருடம் இப்படியே போனது. ஒரு சண்டை இல்லை. ஒரு பெங்காலி வசவு இல்லை. அம்மா, "இப்பதான்டி ரெண்டு பேரும் மனுசராட்டம் இருக்கிய" என்றாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

போன சித்திரையில் வெளியீடு. எந்தப் பண்டிகைக்கும் பக்கத்தில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் குறித்தேன், பூஜையும் இல்லை, விடுமுறையும் இல்லை. பழைய சேவ், புதிய சேவ், எல்லாவற்றையும் வைத்து மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. என் நாற்காலியைத் தள்ளிவிட்டு, "இந்தத் தடவ நீ பட்டன அமுக்குடா" என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. "இல்லக்கா, நீயே அமுக்கு. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெயில் போட்டுடு. எல்லாத்தையும் நீ சோதிச்ச, வெளியிடுற முடிவு உன்னோடதுன்னு. எழுத்துல இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அவன் காலில் விழுந்திருப்பேன். டீ வேணுமா என்று கேட்கிற மாதிரி கேட்டான். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். கணினியின் பக்கம் திரும்பி, அவன் சொன்னபடியே எழுதினேன். என்ன பிழை வந்தாலும் அது உன்னுடையது அல்ல என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். கீழே "இப்படிக்கு, உன் அக்கா" என்று போட்டு அனுப்பினேன்.

அவன் கைபேசியை எடுத்துப் படித்தான். அவசரப்படாமல், ஒவ்வொரு வரியாக.

"கீழ 'உன் அக்கா'ன்னு இருக்கு. அது வேணாம். பேரும் பதவியும் போட்டு இன்னொரு தடவ அனுப்பிடு" என்றான்.

அனுப்பினேன்.