வாளியில் படர்ந்த வெள்ளை

தொண்ணூறுகளில், இத்தாலியில், ஒரேத்தோ என்ற பகுதியில் நாங்கள் பலர் சேர்ந்திருந்த வீட்டில், மனைவியும் கைக்குழந்தையுமாக ஒரு மன்னார்க்காரர் இருந்தார். மெலிந்த, நெடிய மனிதர். சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் இத்தாலிய எசமானியின் வீட்டு வேலை முடிந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல், தான் பியர் நொதிக்க வைத்த பிளாஸ்டிக் வாளியில் காதை வைத்துக் கேட்பார். மகளின் ஞானஸ்நானத்துக்கு வருபவர்களுக்குத் தன் கையால் செய்த பியர் கொடுக்கவேண்டுமென்று அவருக்கு ஆசை.

விருந்துக்கு முதல் நாள் காலை மூடியைத் திறந்தார். மேலே வெள்ளையாக ஒரு படலம் படர்ந்திருந்தது. புளித்த வாடை வேறு.

"வழிச்செறிஞ்சுபோட்டுக் குடிக்கலாம் அண்ணை," என்றேன்.

அவர் ஒரு கிளாஸ் அள்ளி மடமடவென்று குடித்துவிட்டார். பின்னேரம்வரை கட்டிலில் வயிற்றைத் தடவியபடி கிடந்தார். மனைவி பக்கத்திலிருந்து அழுதார். ஆனால் மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு எழும்பி, வாளியைத் தூக்கிப்போய் முழுவதையும் கழிப்பறையில் ஊற்றினார்.

"உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே? ஏன் ஊத்துறியள்?" என்று கேட்டேன்.

"ஓம், எனக்குச் செய்யேல்லை. நாளைக்கு வாற சனத்திலை ஒராளுக்கு ஏதும் செய்தால்? என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லியெல்லே குடிப்பினம்."

அடுத்த நாள் தோடம்பழச்சாறுதான் பரிமாறினார். ஊற்றத்தான் போகிறார் என்றால், அன்று காலை அதை ஏன் குடித்தார்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.