மூன்றாம் நம்பர் சம்ப்பும் விக்டோரியாவின் ரிமார்க்ஸும்

1. வழுக்கல்

கஸ்டமர் ஆள் வழுக்கியபோது காலை மணி ஒன்பது பத்து. கீழே விழவில்லை, பக்கத்து ரேக்கைப் பிடித்துக்கொண்டார். தானே விழுந்திருந்தால்கூட எங்கள் பிளான்ட் ஹெட்டின் முகம் அவ்வளவு கறுத்திருக்காது. அடுத்த வாரம் அவர்கள் கம்பெனியின் ஆடிட். அதற்கு முன்னோட்டம் பார்க்க வந்த மனிதர், நாங்கள் பெருமையாக எபாக்ஸி பெயின்ட் பூசி வைத்திருந்த தரையில், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே என்று நின்றார்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். மெஷின் மட்டுமல்ல, கூரை, வடிகால், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் என் தலையில்தான். போன வருஷம் ரிட்டையர் ஆனேன். இது அதற்குச் சற்று முந்தைய குளிர்காலத்தில் நடந்தது.

"யாருய்யா இந்த பே-ய கிளீன் பண்றது?" என்றார் பிளான்ட் ஹெட்.

ஆறாம் பே-யை, அதாவது ஷாப்பின் ஆறாவது பகுதியை, துடைப்பவர் விக்டோரியா. பிள்ளைப்பாக்கத்துக்காரர், கான்ட்ராக்டில் ஆறு வருஷமாக வருகிறவர். நான் யோசிக்கவே இல்லை. சீட்டுக்குப் போய், ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டருக்கு லெட்டர் அடித்தேன்: தரை ஈரமாக விடப்பட்டதால் இவருக்குப் பதில் வேறு ஆள் அனுப்பவும். கையெழுத்துப் போட என் கைக்கு எப்போதுமே சோம்பல் கிடையாது. சனிக்கிழமைதான் அவருக்குக் கடைசி நாள் என்று முடிவானது.

2. ரிமார்க்ஸ் கட்டம்

மறுநாள் காலை விக்டோரியா என் டேபிளுக்கு வந்தார். கையில் ஹவுஸ்கீப்பிங் ரெஜிஸ்டர். அழவில்லை, கோபமாக இருந்தார்.

"இன்னா சார், நான் தொடைக்கலனு எய்தி அனுப்ச்சிட்டீங்களாமே? கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் கீது. வூட்ல போயி வேலை போச்சினு எப்டி சார் சொல்றது?"

"ஈரம் இருந்துச்சேம்மா. நானே பார்த்தேன்."

"இருந்துச்சி. நான் இல்லன்னு சொன்னனா? ஏழு மணிக்குத் தொடைக்கிறேன், எட்டரைக்கு மறுபடி வந்துடுது. அத்தத்தான் ஒரு மாசமா எய்திக்கினு வரேன். கீய யாரு கையெயுத்து? நீங்கதான போட்டுக்கிறீங்க!"

ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துவிட்டு டேபிளைவிட்டு நகராமல் நின்றார். எங்கள் ரெஜிஸ்டரில் கடைசியாக 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் 'நில்', ஒன்றுமில்லை, என்று எழுதுவார்கள். விக்டோரியா எழுதியிருந்தது இப்படி:

பே 6. ரேக் பக்கம் ஈரம். துடைத்தேன். திரும்ப வந்தது. மழை இல்லை.

பே 6. ஈரம் கோடு மாதிரி இருக்கு. ப போல.

இன்று பனி ஜாஸ்தி. ஈரமும் ஜாஸ்தி. பதினோரு மணிக்குத் தானாகக் காய்ந்தது.

இன்று வெயில். ஈரம் இல்லை. தரை மட்டும் ஒரு இடத்தில் உப்பி இருக்கு.

ஒவ்வொரு வரிக்கும் கீழே என் கையெழுத்து. ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷத்தில் வெட்கத்தைவிட ஆர்வம்தான் அதிகம். மழையே இல்லாத நாளில் தரை ஏன் நனைகிறது? அதுவும் கோடாக ஏன்?

"நாளைக்குக் காலைல தொடைக்காதீங்க. நான் வந்து பாக்கணும்" என்றேன்.

"தொடைக்கலனு அதுக்கும் ஒரு லெட்டர் எய்திடுவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தேவைதான்.

3. ப

மறுநாள் ஏழு மணிக்கு நானும் என் இன்ஜினியர் மாரியப்பனும் பே ஆறில் குந்தினோம். மாரியப்பன் திருநெல்வேலிக்காரர். முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு ஏர் லைன் குழாயைப் பார்த்தார். எங்கேயும் சொட்டு இல்லை.

ஷட்டர் திறந்ததும் பனிக்காற்று உள்ளே வந்தது. எட்டு மணிக்கு மேல், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மொழுமொழுவென்ற தரையில் முத்து முத்தாக வேர்க்கத் தொடங்கியது. மூன்று நேர்க்கோடுகள். அளவு டேப் வைத்து வரைந்தது போன்ற ப. நாலாவது கோடு ரேக்குக்கு அடியில் மறைந்திருக்க வேண்டும்.

"என்ன சார் இது, தண்ணி கீழேருந்துல்லா வருது!" என்றார் மாரியப்பன்.

பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து கோட்டுக்கு வெளியே தட்டினேன். கல்லைத் தட்டிய சத்தம். கோட்டுக்கு உள்ளே தட்டினேன். கதவைத் தட்டிய சத்தம்.

பின்னால் மாப்போடு நின்றிருந்த விக்டோரியா, "உள்ள ஏதோ ரூம்பு கீது சார்" என்றார்.

ரூம் இல்லை. நேராக ஆபீசுக்குப் போய் மழைக்கால செக்லிஸ்ட் ஃபைலைப் பிரித்தேன். கூரை ஷீட் ஸ்க்ரூ, ஓகே. வெளி வடிகால், ஓகே. மணல் மூட்டை, ஓகே. டீசல் பம்ப், ஓகே. ஏழாவது வரி: உள் சம்ப் நம்பர் 3, ஓகே. மூன்று வருஷமாக ஓகே. மூன்றிலும் என் கையெழுத்து.

மூன்றாம் நம்பர் சம்ப் என்பது பிரஸ் மெஷினின் பள்ளத்தில் ஊறும் நீரை வாங்கிக்கொள்ளும் தொட்டி. அதில் ஒரு பம்ப் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் இதே கஸ்டமர் ஆடிட்டுக்காகத் தரை முழுக்க எபாக்ஸி பூசச் சொன்னது நான்தான். பூசியவர்கள் இரும்பு மூடியையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். மேலே ரேக் வந்தது. சம்ப்பைப் பார்த்துவந்த ஃபிட்டர் மறைமலை நகர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் ஒவ்வொரு வருஷமும் போன வருஷ ஷீட்டைக் காப்பி எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினேன். இல்லாத மூடிக்கு ஓகே போட்டேன்.

வெயில் காலத்தில் தொட்டி காய்ந்து கிடக்கும், தரையும் எதையும் காட்டாது. மழை பெய்து தொட்டி நிறைந்து, காலையில் குளிரும்போதுதான், உள்ளேயிருக்கும் ஈரக்காற்று மூடியின் விளிம்பு வழியாகக் கசிந்து மேலே வேர்க்கும். மூடி இருக்கும் இடத்தைக் குளிர்காலம் தினமும் கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. விக்டோரியா அதை எழுதியிருக்கிறார். நான் அவரை வெளியே அனுப்ப லெட்டர் அடித்திருக்கிறேன்.

4. புயலுக்கு முன்

அன்று மத்தியானமே செய்தி வந்தது. வங்காள விரிகுடாவில் இருந்த தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது, வெள்ளிக்கிழமை கரையைக் கடக்கும். சம்ப்பில் தண்ணீர் விளிம்பு வரை நின்றால், அடுத்து ஊறுவது பிரஸ் பள்ளத்துக்குத்தான் போகும். அங்கே பிரஸ்ஸை ஓட்டும் ஹைட்ராலிக் மோட்டார் இருக்கிறது.

பிளான்ட் ஹெட்டிடம் போனேன். தரையை வெட்ட வேண்டும் என்றேன்.

"ஆடிட் முடியட்டுமே. இப்பப் போய் தரையைக் கிழிச்சு வச்சா நான் என்ன பதில் சொல்றது? வேற வழி இல்லையா?"

வேறு வழி இருந்தது. பிரஸ் பள்ளத்தில் ஒரு பம்பை இறக்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, ரிட்டையர் ஆகும்வரை ஓட்டியிருக்கலாம். சனிக்கிழமை விக்டோரியா போயிருப்பார். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அரை நிமிஷம் அந்த வழியை நான் யோசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"சார், அந்த சம்ப்பைப் பார்க்காமலே மூணு வருஷமா ஓகே போட்டது நான்தான். எபாக்ஸி பூசச் சொன்னதும் நான்தான். அந்தம்மா மேல தப்பு இல்ல. லெட்டரைத் திருப்பி வாங்கணும்."

"அந்தப் பொய் ஷீட் ஆடிட் ஃபைல்ல இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கு சார்."

"நல்லா இருக்கும்யா உன் பொழப்பு. போ, வெட்டு."

ரேக்கை நகர்த்தி, கட்டரை வைத்து ப-வின் மேலேயே ஓட்டினோம். நாலாவது கோடு நான் நினைத்த இடத்தில்தான் இருந்தது. மூடியைத் தூக்கியதும் கறுப்புத் தண்ணீர் ஒரு சாண் கீழே நின்றது. பழைய பம்ப் துருப்பிடித்துக் கட்டியாகிக் கிடந்தது. புது பம்பை இறக்கி ஓடவிட்டோம். வெள்ளிக்கிழமை முழுக்க மழை. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் பஸ் இல்லை, ஷிஃப்டுக்குப் பாதிப்பேர் வரவில்லை. பம்ப் நிற்காமல் ஓடியது. பிரஸ் பள்ளத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை.

என் லெட்டர் தவறு என்று இன்னொரு லெட்டர் எழுதி அனுப்பினேன். கான்ட்ராக்டர் போனில் சிரித்தார். "இத்தனை வருஷத்துல அனுப்புன லெட்டரைத் திருப்பிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான் சார்."

5. கையெழுத்து

இளைய மெயின்டனன்ஸ்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பிளான்ட்டைத் தெரிந்துகொள்ள நல்ல பருவம் குளிர்காலம்தான். கம்ப்ரஸரில் எவ்வளவு தண்ணீர் வடிகிறது, எந்த பேனலுக்குள் வேர்க்கிறது, பனி விழுந்த காலையில் கூரையில் எந்த ஷீட் முதலில் காய்கிறது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எனக்கு அது தெரியவர முப்பது வருஷமும் விக்டோரியாவின் கோபமும் தேவைப்பட்டன. அந்தக் குளிர்காலம் முதல் நானும் ஒரு நோட்டு வைத்து எழுதினேன்.

புயல் போன திங்கட்கிழமை காலை, விக்டோரியா எப்போதும்போல ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து நீட்டினார். நன்றி, மன்னிப்பு என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. பழக்கதோஷத்தில் என் பேனா கீழே போனது. அவர் பக்கத்தின் மேல் கையை வைத்து மறித்தார்.

"படிச்சிட்டுப் போடுங்க சார்."

படித்தேன். பே 6. ஈரம் இல்லை. சார் நேரில் வந்து பார்த்தார்.

"நான் இன்னும் பார்க்கலையேம்மா."

"தெரியும் சார். அதான் கூப்ட வந்தேன்" என்றார்.

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து அவர் பின்னால் நடந்தேன்.