எனக்கு யூதாஸ் வேஷம், மச்சினனுக்கு இயேசு வேஷம்

எங்கள் கோயில் பங்கில் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு சாயங்காலம் பாஸ்கா போடுவோம். ஆண்டவர் பட்ட பாடுகளை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிக்கிற நாடகம். கோயில் மைதானத்தில் மேடை போட்டு விட்டால் திண்டுக்கல்லில் இருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்தும் சனம் வந்து பாய் விரித்து உட்கார்ந்து விடும். ஆறு வருஷமாக எனக்கு யூதாஸ் வேஷம். நான் நூல் மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவன், எட்டாவது வரைதான் படித்தேன். நடிப்பு தெரியும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஜெபமாலை சொல்லத் தெரியும், டைரக்டர் சொன்னதைக் கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.

டைரக்டர் என்றால் கோயிலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிற அண்ணன். வேஷத் துணி எல்லாம் அவர் தைத்ததுதான். பேதுருவின் அங்கி ஒரு கல்யாண மண்டபத்துப் பழைய திரைச்சீலை. அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனில் இருந்து கறி, குடி கூடாது. யாரோடும் மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு மேடை ஏறக் கூடாது.

அந்த வருஷம், இயேசுவாக நடித்துக்கொண்டிருந்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு டைரக்டர் தேர்ந்தெடுத்தது என் மச்சினனை, என் மனைவியின் தம்பியை. நிலக்கோட்டை மார்க்கெட்டில் இருந்து மல்லிகைப்பூ ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறவன். ஒல்லி உடம்பு, நீள முகம், தாடி தானாக வளரும். எல்லாம் பொருத்தம்தான். ஆனால் எனக்கும் அவனுக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை.

அதற்குக் காரணம் நான். என் மாமியார் இறந்தபோது பெட்டியைக் குழியில் இறக்கிய பிறகுதான் அவன் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தான். சட்டை எல்லாம் மண், கால் தள்ளாடியது. நான் அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னேன், "குடிக்க நேரம் இருக்கு, பெத்தவளுக்கு மண்ணு போட நேரம் இல்லையா ஒனக்கு?" அவன் குனிந்தான். மண்ணை அள்ளிப் போட்டான், போய்விட்டான். அவன் குடிக்கவில்லை, வண்டி வழியில் நின்றுவிட்டது, பூவை ரோட்டோரம் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறான் என்று பூ மண்டி ஆள் ஒருவர் எட்டாம் நாளே என்னிடம் சொன்னார். தெரிந்த பிறகும் நான் அவன் வீட்டுப் படி ஏறவில்லை. வயதில் மூத்தவன், அக்காவைக் கட்டியவன், நான் எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன். தினமும் பூசைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கு நடுவில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் ஈஸ்டர் முடிந்து வைத்திருந்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பொண்ணு வீட்டை விட்டு இறங்கும். என் மனைவி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். "எந்தம்பி வராம எம்புள்ள வாசப்படி தாண்டாது. நீங்க கூப்புடாம அவன் வர மாட்டான். அம்புட்டுதான்."

நான் டைரக்டரிடம் போனேன். "அண்ணே, இந்த வருஷம் எனக்கு வேற வேஷம் குடுங்க."

அவர் மிஷினை நிறுத்தவில்லை. "இயேசு வேஷத்துக்குப் பத்துப் பேரு வரிசையில நிக்கிறான். யூதாசுக்கு எவன்டா வாரான்? நீதான் ஆறு வருசமா வாய்ச்சிருக்க."

ஒத்திகை தொடங்கியது. வாராவாரம் முதலில் ஜெபம், பிறகு டைரக்டர் பொதுவாகக் கேட்பார், "யாரும் யார் கூடயும் பேச்சு வார்த்தை இல்லாம இருக்கீகளாப்பா?" நான் தரையைப் பார்ப்பேன். எதிரே அவனும் தரையைப் பார்ப்பான். ஊருக்கே தெரிந்ததை அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, ஆரம்பிங்க" என்பார்.

பாஸ்காவில் வசனத்தை எல்லாம் முன்னாலேயே ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கரில் போடுவோம். மேடையில் வாயை மட்டும் அசைத்தால் போதும். அவன் ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வந்தான், நான் இன்னொரு நாள் போனேன். ஆக, ஒத்திகை நடந்த நாளெல்லாம் ஸ்பீக்கரில் எங்கள் குரல்கள் பேசிக்கொண்டன, நாங்கள் பேசவில்லை. தோட்டத்தில் யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக் கொடுக்கிற இடத்தில் நான் முகத்தைத் தூரத்திலேயே நிறுத்திக்கொள்வேன். டைரக்டர் கத்துவார். "ஏலே, முத்தங் குடுக்கச் சொன்னா கருவாட்ட மோந்து பாக்குற மாதிரி பாக்குற!" பேதுரு, யோவான், படைவீரர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நாங்கள் இருவரும் சிரிக்க மாட்டோம்.

குருத்து ஞாயிறு வந்தது. என் மனைவி முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாவம், தம்பி ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். தோட்டத்துக் காட்சி. நான் பந்தம் பிடித்த வீரர்களோடு அவனை நோக்கி நடந்தேன். பாதி மேடை தாண்டியபோது ஸ்பீக்கர் கர்ரென்று இழுத்து அடங்கிவிட்டது. லேப்டாப் நின்றுவிட்டதாம். மைதானம் முழுக்க அமைதி. திரைக்குப் பின்னால் இருந்து டைரக்டரின் குரல், "வாயால சொல்லுங்கப்பா! வசனத்த வாயால சொல்லுங்க!"

நான் அவன் தோளில் கை வைத்துவிட்டேன். முதலில் பேச வேண்டியவன் அவன். ஏட்டில் இருந்தது "தோழா, எதற்காக வந்தாய்?" என்கிற நல்ல செந்தமிழ் வசனம். வாயை மட்டும் அசைத்துப் பழகியவனுக்கு அது வரவில்லை. என் முகத்தைப் பார்த்தான். வீட்டுக்கு வருகிற என்னைப் இருபத்திரண்டு வருஷம் எப்படிக் கூப்பிட்டானோ அப்படியே சத்தமாக வந்துவிட்டது.

"வாங்க மச்சான்."

முன்வரிசையில் யாரோ க்ளுக் என்று சிரித்தார்கள். கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொல்ல, சிரிப்பு பின்னால் சைக்கிள் நிற்கிற இடம் வரை போனது. ஒரு வீரன் பந்தத்தைக் கீழே போட்டுவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் முகத்தை முகத்தோடு சேர்த்தேன். என் ஒட்டுத் தாடி நகர்ந்தது. அவன் காதில், "மாப்ள, அன்னைக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன். அவன் பதில் சொல்லும் முன்னே வீரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஸ்பீக்கருக்கு உயிர் வந்து, ஆளில்லாத மேடையில் அவனுடைய செந்தமிழ்க் குரல் என்னை விசாரித்தது.

என் பகுதி முடிந்து மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே அவனுக்குச் சாட்டையடி, சிலுவை, எல்லாம் நடந்துகொண்டிருந்தது. மனசு லேசாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. செத்த நேரம் கழித்துத்தான் ஏன் என்று புரிந்தது. பழியை நூறு பேர் முன்னால் கத்தினேன், மன்னிப்பை மட்டும் காதோடு கேட்டிருக்கிறேன். காதோடு பேசிக் காரியம் முடிக்கிறது யூதாஸ் செய்கிற வேலை. ஆண்டவரே, வேஷத்தைக் கழற்றும் முன் எனக்குத் தைரியம் கொடும் என்று கேட்டுக்கொண்டேன்.

நாடகம் முடிந்ததும் வேஷத்தோடு எல்லாரும் வரிசையாக நின்று, மைக்கை வாங்கி, என்ன வேஷம், என்ன தொழில் என்று சொல்வது எங்கள் வழக்கம். "நான் ஏரோது. ஆட்டோ ஓட்டுறேன்." "நான் பிலாத்து. ரேஷன் கடையில எடை போடுறேன்." சனம் கை தட்டும். என் முறை வந்தது.

"நான் யூதாஸ். மில்லுல ஃபிட்டர்" என்றேன். கை தட்டினார்கள். மைக்கை அடுத்த ஆளிடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டேன். "எங்க மாமியார் அடக்கத்தன்னைக்கு எம் மச்சினன் குடிச்சிட்டு வந்தான்னு நான் சொன்னேன். நீங்க நெறையப் பேரு கேட்டீக. அவன் குடிக்கல. வண்டி டயர் பஞ்சராகி நின்னுபோச்சு. ஓடியே வந்திருக்கான். தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன். அவன் அம்மா கல்லறை மேல நான் போட்ட அந்தப் பேச்ச இன்னைக்குத் திரும்ப எடுத்துக்கிறேன்."

ஒருவரும் கை தட்டவில்லை. வரிசையின் கடைசியில் வெள்ளை அங்கியில் நின்றவனுக்கு மைக் கை மாறிக் கை மாறிப் போய்ச் சேர்ந்தது.

"நான் இயேசு வேஷம். பூ வண்டி ஓட்டுறேன்" என்றான். என் பக்கம் திரும்பினான். "பஞ்சர் இல்ல மச்சான். பெல்ட்டு அறுந்துபோச்சு."

இதைச் சொல்ல அவனுக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. நான் ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான்.

டைரக்டர் மட்டும் கடைசி வரை கோபமாகவே இருந்தார். "நாப்பது நாளு ஒழைப்பு, ஒரு மச்சானால போச்சு" என்றார். பிறகு என் தாடியை வாங்கிப் பெட்டியில் வைத்தபடி, "அடுத்த வருசமும் நீதான்" என்றார்.

மறுநாள் காலை நானும் மனைவியும் தட்டில் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு போனோம். அவன் படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு, அக்காவிடம் இருந்து வாங்காமல், என் கையில் இருந்துதான் தட்டை வாங்கினான்.

கல்யாணத்தன்று வேன் நிறையப் பூவோடு வந்தான். என் மகளுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து வாசற்படி இறக்கினான். தாடியை எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள், "இயேசு சாமி, இயேசு சாமி" என்று பின்னாலேயே ஓடின. பாஸ்கா கதையைக் கேட்டிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா என் மனைவியிடம், "அப்ப யூதாஸ் வேசங் கட்டுனது ஆரு?" என்று கேட்டார். இவள் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த என்னைக் கை காட்டினாள்.

"அதுக்கென்ன," என்றார் அந்தம்மா, "சாம்பார் வாளியத் தூக்கிட்டு இங்கிட்டு வரச் சொல்லு."

நான் தூக்கிக்கொண்டு போனேன்.