மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும்

எஞ்சின் இல்லாத மாடல் விமானத்தை மேலே ஏற்ற எங்களுக்கு ஒரு பழைய கார் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் கதி. அதில் ஓர் உருளை, பக்கத்தில் கார் பேட்டரி, தரையில் ஒரு கால்மிதி. உருளையிலிருந்து கிளம்பும் நைலான் நரம்பு, மைதானத்தின் மறுகோடியில் அடித்திருக்கும் கப்பியைச் சுற்றித் திரும்பி வந்து, விமானத்தின் வயிற்றுக் கொக்கியில் மாட்டும். மிதித்தால் நரம்பு சுற்றும், விமானம் பட்டம் போல ஏறும். உச்சியில் நரம்பைக் கழற்றிவிட்டு, ரேடியோ பெட்டியால் ஓட்டி மிதக்கவிட வேண்டியதுதான். யாருடையது அதிக நேரம் மிதக்கிறதோ அவருக்குக் கோப்பை.

தொண்ணூறுகளின் தொடக்கம். படப்பையைத் தாண்டி வற்றிக் கிடந்த ஓர் ஏரியில் போட்டி. தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் போனோம். பின்சீட்டில் என் மனைவி, அவள் மடியில் றெக்கைகள். பால்சா என்ற லேசான கட்டையை வெட்டி ஒட்டியது நான். அதன்மேல் பிளாஸ்டிக் உறையை வீட்டு இஸ்திரிப் பெட்டியால் சுருக்கமில்லாமல் தேய்த்து ஒட்டியது அவள். வேறு றெக்கை கிடையாது. உடைந்தால் அந்த வருடம் அவ்வளவுதான்.

அந்தப் பயத்தில் மிதியை எப்போதும் தொட்டுத் தொட்டுத்தான் மிதிப்பேன். விமானமும் பாதி உயரத்தோடு சரி. அன்றும் அப்படித்தான்.

"மச்சான், நீ பிளேன் ஏத்துறியா, தையல் மெஷின் ஓட்டுறியா?" என்றான் கூட வந்த நண்பன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசிச் சுற்று. மிதித்தேன், ஏறியது. காலை எடுத்தேன். மோட்டார் நிற்கவில்லை! சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. நரம்பு விண்ணென்று இரைந்தது, றெக்கை இரண்டும் வில்லாக வளைந்தன. இப்படி ஏதாவது ஆனால் பேட்டரி ஒயரைப் பிடுங்குவது என் மனைவியின் வேலை. அவள் கை ஒயரின் மேல்தான் இருந்தது.

"புடுங்குங்க சிஸ்டர், புடுங்குங்க!" என்று நண்பன் கத்தினான்.

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வேணாம், இரு!" என்று நானும் கத்தினேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ! உச்சியில் ரேடியோ பெட்டியால் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்திப் பாயவிட்டு, சட்டென்று மேலே இழுத்தேன். நரம்பு கழன்றது. ஐயோ, என்ன போக்கு அது! நான் அதுவரை எட்டாத உயரத்துக்கு ஒரே பாய்ச்சல். அப்புறம்தான் அவள் ஒயரைப் பிடுங்கினாள்.

மற்ற விமானங்களெல்லாம் இறங்கிய பிறகும் எங்களுடையது மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கோப்பை எங்களுக்குத்தான். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நான் கத்துறதுக்கு முன்னாடியே நீ ஏன் புடுங்கல? றெக்கை தாங்கும்னு அவ்ளோ நம்பிக்கையா?" என்று அவளைக் கேட்டேன்.

"நம்பிக்கையா? ஒடைஞ்சிடும்னுதாங்க நெனச்சேன்" என்றாள். "ஆனா அது அப்படிப் போறத இன்னிக்குத்தானே பாக்குறேன். புடுங்க மனசே வரல."