நிதானத்தின் மோட்டார்

என் அக்காள் புருஷனைப் படகுத்துறையில் எல்லாரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். மனிதர் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அக்காவைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லவே இரண்டு வருடம் யோசித்தவர். ஆற்றில் பாலம் கட்டி பஸ் விட்டதும் மற்ற படகுக்காரர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். மாமா யோசித்துக்கொண்டே இருந்தார். இன்னும் படகுதான் ஓட்டுகிறார்.

எதிர்க்கரைக் காய்கறிக்காரர்களின் கூடைகளை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால் பிழைத்தார். தினமும் விடிந்ததும் காலிப் படகோடு போய் அவர்களை ஏற்றி வருவார். காலிப் படகு என்றா சொன்னேன்? அதில் என் அக்கா இருப்பாள். அந்தக் கரையில் ஒரு தையல் கம்பெனியில் அவளுக்கு வேலை.

நான் மெக்கானிக். மூக்குமேல் கோபம் எனக்கு. மாமாவின் மோட்டார் மழைக்காலத்திலிருந்தே புகை கக்கியது, இழுவையும் குறைந்துவிட்டது. “பிஸ்டன் ரிங் போயிருக்கும் மாமா, பிரிச்சுப் பாத்துடலாம்” என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். “பாக்கலாம், பாக்கலாம்” என்பார். இவர் பார்ப்பதற்குள் மோட்டார் ஆற்று நடுவில் நின்றுபோனது. ஒரே வாரத்தில் இரண்டு தடவை. அக்கா தாமதமாகப் போய், இன்னொரு தரம் இப்படி வந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். “திங்கக்கிழமைக்குள்ள மோட்டார் சரியாகலைன்னா நான் பஸ்ஸுல போயிக்கிறேன்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க என் பட்டறைக்கு வந்தார் மாமா. அவருக்கு மூச்சிரைத்து அன்றுதான் பார்த்தேன்.

“மச்சான், ரிங்க மாத்திடு. திங்கக்கிழமை ஓடியாகணும்.”

“இத்தனை நாள் தூங்கிட்டு இப்ப என்ன அவசரம்? அக்காதான் பஸ்ஸுல போறேன்னுட்டாளே. பத்து நிமிஷத்துல போய்ச் சேந்துடுவா.”

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. கல்லுளிமங்கனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று வேலையைத் தொடங்கினேன்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். எண்ணெயும் கரியுமாகக் கன்னங்கரேல் என்றிருந்தது. பிளக் இருந்த ஓட்டையை என் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மாமாவை ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுக்கச் சொன்னேன். காற்று விரலைத் தள்ளவே இல்லை. ஓட்டைக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி இழுத்ததும் நன்றாகத் தள்ளியது. ஆயில் விட்டால் அழுத்தம் ஏறுகிறதென்றால் கோளாறு பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங்கில்தான். ஆனால் ரிங் தேய்ந்துவிட்டதா, வெறுமனே சிக்கிக்கொண்டிருக்கிறதா? புகை போகிற பக்கத்து மூடியைக் கழற்றினால் துவாரம் வழியாகப் பிஸ்டன் தெரியும். மெல்லிய மரக்குச்சியால் ரிங்கை அழுத்திப் பார்த்தேன். நல்ல ரிங் உள்ளே போய்த் திரும்பவும் எம்பும். இது அசையவில்லை. கரி அதைப் பிஸ்டனில் ரிங் உட்காரும் காடியோடு ஒட்டிவைத்திருந்தது.

“பெட்ரோல்ல ஆயில் எவ்வளவு ஊத்துறீங்க?”

“நீ சொன்ன அளவுதான். அதுக்கு மேல கொஞ்சம். பாவம், உழைக்குதேன்னு.”

“அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு மாமா. சரி, ஆயில் மட்டும் இவ்வளவு கரி கட்டாது. எப்பவும் மெதுவா உருட்டிக்கிட்டே ஓட்டுறீங்களா? வேகமா ஓட்டினாத்தான் கரி எரிஞ்சு போகும்.”

“வர்றப்ப கூடை சாயும்ல.”

“போறப்ப எந்தக் கூடை சாயுது? அப்ப ஏன் ஊர்ந்துக்கிட்டு போறீங்க?”

மாமா ஸ்பேனரை எடுத்து, துடைத்து, வைத்த இடத்திலேயே வைத்தார்.

“உங்கக்கா பேசிக்கிட்டு வருவா. வேகமா போனா மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கரையும் சட்டுனு வந்துடும்.”

எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனிதரையா இத்தனை நாள் திட்டினோம் என்றிருந்தது.

பிஸ்டனைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். மறுநாள் ரிங்குகளை ஒவ்வொன்றாக விடுவித்து, காடியில் இருந்த கரியைச் சுரண்டி எடுத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. சிலிண்டருக்குள் வைத்து முனைகளுக்கு நடுவே இடைவெளி பார்த்தேன். தேய்ந்திருந்தால் அகன்றிருக்கும்; சரியாகவே இருந்தது.

“ரிங் மாத்த வேண்டாம் மாமா. இதுவே ஓடும்.”

“புதுசாவே போட்டுடேன். மனசுக்கு நிம்மதி.”

“நீங்க இப்படியே ஓட்டினா தங்கத்துல ரிங் போட்டாலும் கரிதான் பிடிக்கும். ஆயிலைக் குறைங்க. போற வழியோ வர்ற வழியோ, ஒரு வழி வேகமா ஓட்டுங்க. எந்த வழின்னு யோசிச்சுச் சொல்லுங்க.”

“வர்ற வழி” என்றார் உடனே. “கூடையைக் கயித்தால கட்டிக்கிட்டா போச்சு.”

அவர் யோசிக்காமல் ஒரு முடிவு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை விடிந்ததும் துறைக்குப் போனேன். அக்கா ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தாள். மாமா படகின் மறுமுனையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, வழக்கத்தைவிடச் சீக்கிரமா வந்துட்ட? மோட்டார்தான் சரியாயிடுச்சே.”

“சரியானா மட்டும் உங்க மாமா பறக்கவா போறாரு?”

“பேசாம பஸ்ஸுல போனா இன்னும் அரை மணி தூங்கலாம்ல?”

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “எங்க வீட்டுல அத்தனை பேருக்கு நடுவுல இவரு வாயத் தொறந்து நீ பாத்திருக்கியா? ஆத்துல இறங்கினாத்தான்டா பேசுவாரு. நான் சும்மா ‘உம்’ கொட்டிக்கிட்டு வருவேன்.”

“அப்புறம் எதுக்கு பஸ்ஸுல போறேன்னு மிரட்டின?”

“அப்படிச் சொல்லலைன்னா மோட்டாரத் தூக்கிக்கிட்டு உங்கிட்ட வந்திருப்பாரா?”

அவர் சொன்னதை அவளிடமும், அவள் சொன்னதை அவரிடமும் சொல்லாமல் விட்டேன். சொன்னால் இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. படகு மெல்ல நகர்ந்தது. நடு ஆறு போகும்வரை பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமாவின் குரல்தான்.

நான் துறையிலேயே இருந்து மூன்றாவது டீ குடித்து முடிப்பதற்குள் எதிர்க்கரையிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. கட்டிவைத்த கூடைகளைக் காய்கறிக்காரர்கள் இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தார்கள்.

“நிதானம், உனக்கு என்னய்யா ஆச்சு இன்னிக்கு?” என்று கேட்டுக்கொண்டே தள்ளாடி இறங்கினார் ஒருவர்.

மாமா பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பேசவேண்டியதையெல்லாம் போகும்போதே பேசி முடித்திருந்தார்.